வெள்ளை படிந்த பூட்ஸ்

இன்று காலை பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பூட்ஸை எடுத்துக் கீழே வைத்தேன். தையலில் அப்பியிருந்த வெள்ளையைச் சின்னவள் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "அப்பா, மாமா மலையிலேருந்து கொண்டுவந்த பரஃபா இது?" என்று கேட்டாள். பனியை அவள் இந்தியில் பரஃப் என்றுதான் சொல்வாள். பிள்ளைகளே, நீங்கள் பார்த்திராத உங்கள் மாமாவைப் பற்றி எழுதித்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் அக்காவைக் கட்டிய அத்தான், தாராவியில் தோல் பதனிட்டுச் செருப்பும் தைக்கும் ஒரு பட்டறையில் வேலை செய்தார். பம்பாயிலிருந்து இமயமலை ஏறப் போன ஒரு கூட்டத்தார், வழியில் பூட்ஸ் கிழிந்தால் தைத்துக் கொடுக்க அவரைக் கூட்டிப் போனார்கள். தைக்கப் போனவருக்கு மலை பிடித்துவிட்டது. வடக்கே ஒரு பள்ளியில் கயிறு கட்டவும் பனியில் படி வெட்டவும் படித்து, கோடைதோறும் ஆட்களை உச்சிக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி ஆனார். மற்ற மாதங்களில் பட்டறைதான். "மலைக்காரரே, குழாயடி வரைக்கும் ஏறிப் போய் ஒரு குடம் தண்ணி கொண்டாங்க" என்று அக்கா கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொண்டே குடத்தை எடுப்பார்.

மலையில் ஏறும்போது, கயிற்றில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்புக்கு இழுப்பது அவர் வழக்கம். "வாயடிக்கிற வரைக்கும் ஆளுக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. வெறும் 'ம்' வந்துச்சுன்னா மூச்சு பத்தலன்னு அர்த்தம். உடனே இறக்கிரணும்" என்பார். கடைசியாகப் போன கோடையில், உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மாதுங்கா ஆபீஸ்காரர் ஒருவரிடமிருந்து அந்த 'ம்' வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் அத்தான் எல்லாரையும் திருப்பி இறக்கினார். பாதி மலை இறங்கியதும் ஆபீஸ்காரருக்குத் தெளிந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே இல்லையேப்பா, நீதான் பயந்துட்டே" என்றாராம்.

அந்தப் பேச்சு அத்தானுக்கு முன்னால் பம்பாய் வந்து சேர்ந்தது. அடுத்த கோடையில் யாரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமைதோறும் பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக் காத்திருந்தார். அதே கூட்டம் வேறொருவரோடு போய் உச்சி ஏறித் திரும்பியது. ஆபீஸ்காரரே பேடா டப்பாவோடு வீட்டுக்கு வந்து, உச்சியில் தான் நிற்கும் படத்தைக் காட்டினார். அத்தான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஆபீஸ்காரர் போனபின் அத்தான் என்னைக் கேட்டார்: "அன்னைக்கு ஏறியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதோ மாப்ள?"

அந்த மனிதர் மேலே செத்திருந்தால் அத்தானைக் குற்றம் சொல்லியிருப்பார்கள். உயிரோடு கூட்டி வந்ததற்குக் கோழை என்றார்கள். நடக்காமல் போன ஒன்றுக்கு யாரைச் சாட்சி கூப்பிடுவது? அத்தானுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கு இன்றும் தெரியவில்லை.

மறுநாள் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். தோலில் முடி கழன்று வருவதற்காக ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் அதோடு இறங்கி நின்றார். "ஏங்க அதைப் போட்டுப் பாழாக்குறீங்க?" என்று அக்கா அழுதாள். "காலுக்குப் போடத்தானே பூட்ஸு" என்றார். அதன்பிறகு நாங்கள் எதைக் கேட்டாலும், அக்கா எவ்வளவு கேலி செய்தாலும், அவரிடமிருந்து 'ம்' மட்டும்தான் வந்தது. அவரை இறக்கிக் கொண்டுவர எங்களில் யாருக்கும் வழி தெரியவில்லை.

சின்னவளே, நீ சுரண்டியது பரஃப் இல்லையம்மா. சுண்ணாம்பு. கையைக் கழுவிக்கொள்.