யாரும் அளக்காத வடக்குக் குடா

கூபியோ நகரின் ஒரு பல் மருத்துவமனை வரவேற்பில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள் மர்யுத். அதை மூடியதும் வேலைவாய்ப்பு அலுவலகம் அவளையும், வேலையில்லாமல் இருந்த என்னையும் ஒரே ஸ்விஃப்ட் நிரல்மொழி வகுப்பில் தள்ளியது. ஐம்பத்திரண்டு வயதில் நிரல் எழுதக் கற்பது லேசான காரியமா? நான் நாள் முழுக்கப் புலம்புவேன். அவள் வாயே திறக்கமாட்டாள். ஆனால் திரையில் சிவப்பாகப் பிழை வந்தால் மட்டும் அவளுக்கு ஆகாது. அதைத் துடைக்காமல் காபிக்கு எழுந்திருக்கமாட்டாள்.

அவள் செய்த செயலி எங்கள் ஏரிக்கானது. டிசம்பரில் ஏரி உறைந்ததும் மீன்பிடிக்கிறவர்கள் பனிக்கட்டியைத் துளைத்து, எந்தக் குடாவில் எத்தனை கனம் என்று அதில் பதிவார்கள். குடாவின் பெயரைத் தொட்டால் கனம் வரும்; பத்து சென்டிமீட்டர் இருந்தால் ஆள் நடக்கலாம். அவள் கணவன் எஸ்கோ தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மீன்பிடிக்கக் கிளம்புவான்.

யாரும் அளக்காத குடாவுக்கு என்ன விடை? ஸ்விஃப்டில் விடையின் வகைக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால், எண் வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம் என்று அர்த்தம். மர்யுத் அதைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனால் ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்காமல் ஸ்விஃப்ட் விடாது; சிவப்பைக் காட்டும்.

ஒரு நாள் காலை அவள் திரையை எட்டிப் பார்த்தேன்.

"வடக்குக் குடா பதினஞ்சு சென்டிமீட்டரா? போன வாரம்தானே அங்க வெறும் தண்ணியா கெடந்துச்சு. யாரு அளந்தா?"

"யாரும் அளக்கல. சிவப்பு போகட்டும்னு, எண் இல்லாத எடத்துக்கெல்லாம் நான்தான் பதினஞ்சுன்னு போட்டு வச்சேன். பாக்க நல்லா..." பாதியில் நிறுத்தினாள். "எஸ்கோ இன்னிக்கு அங்கதான் போயிருக்கான்."

போனை ஒலிபெருக்கியில் போட்டு அவனைக் கூப்பிட்டாள். நாலாவது அழைப்பில்தான் எடுத்தான்.

"எதுக்கு இப்பிடிக் கத்துற? பாதி தூரம் வந்துட்டேன்."

"அந்த நம்பர் பொய், எஸ்கோ! நின்ன எடத்துலயே தொளைச்சுப் பாரு."

துளைக்கும் சத்தம் கேட்டது; உடனே நின்றும்போனது.

"நாலுகூட இல்ல. பாரம் பரவட்டும்னு படுத்துட்டேன். தவழ்ந்து வரேன், போன வச்சிராத."

பதினொரு நிமிடம். கரைக்கு வந்துவிட்டேன் என்று அவன் சொன்னதும், மர்யுத் முதலில் அந்தப் பதினைந்தை அழித்தாள். எண் இல்லாத இடத்தில் 'யாரும் அளக்கவில்லை' என்று வரும்படி எழுதினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எஸ்கோ சாவகாசமாகக் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முப்பது வருஷமா பனி மேல நடக்குற ஆளு! பத்தடிக்கு ஒரு தரம் கம்பியால குத்திப் பாக்கமாட்டியா?"

"கூட்டாளிங்க சொல்லியிருந்தா குத்திப் பாத்திருப்பேன்," என்றான். "இது மர்யுத் எழுதினதாச்சே."