கயிறு மாறிய கல்

என் வீட்டு வாசல் கதவுக்கு ஒரு கருங்கல் துண்டுதான் முட்டு. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து பெரியப்பா பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. எழுபதுகளில் உடைந்த கல் அது. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

காரிமங்கலம் பக்கம் அவருக்கு இருந்தது ஒரே ஒரு மானாவாரிக் காடு. அதனடியில் இருக்கும் கருங்கல்லை ஜப்பான்காரன் வாங்குவான் என்று தர்மபுரி ஏஜெண்டு ஒருவர் ஆசை காட்டினார். ராகி விதைக்காமல் காட்டைத் தோண்டி, பழுதில்லாத ஒரே ஒரு கல்லை எடுத்தார் பெரியப்பா. அந்த ஏஜெண்டிடம் டைப்பிஸ்ட் நான். ஒப்பந்தத்தில் ‘எஃப்.ஓ.பி. மெட்ராஸ்’ என்று தட்டியதும் என் விரல்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியப்பா கேட்டார். “மெட்ராஸ்ல குடுத்துட்டா உங்க வேலை முடிஞ்சுதுங்க” என்றார் ஏஜெண்டு. “நம்ம சந்தையில கயிறு மாத்துற மாதிரிதானுங்களே?” “அதேதாங்க” என்றார் அந்த மனுஷன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் மாட்டுச் சந்தையில் வாங்கியவர் தன் கயிற்றைக் கட்டியதும் விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். அப்புறம் மாட்டுக்கு என்ன ஆனாலும் வாங்கியவர் பாடு. துறைமுகத்தில் கல்லைச் சுற்றிக் கிரேன் கயிறு விழுந்ததும், பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாராம். பாதி உயரத்தில் கயிறு நழுவியது. கல் கரையிலேயே விழுந்து சிதறியது.

“கயிறு மாறுன பொறவு மாடு செத்தா வித்தவன் என்னங்க பண்ணுவான்?” என்று ஆபீசில் வந்து நின்றார். “இது மாட்டுச் சந்தை இல்லைங்க பெரியவரே” என்று சிரித்தது, ‘அதேதாங்க’ என்ற அதே வாய். கப்பலின் விளிம்புக் கம்பியைத் தாண்டும்வரை எது நடந்தாலும் விற்றவர் தலையில். தாண்டிய பிறகுதான் வாங்கியவர் தலையில். அதுதான் அந்த மூன்று எழுத்து. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. கோட்டைக் காட்டாமல் ஒரு மனுஷனைக் கையெழுத்துப் போடவைத்தது அயோக்கியத்தனம். அர்த்தம் தெரியாமலே தட்டிக்கொடுத்த நானும் அதற்குக் கூட்டு.

காடு பள்ளமாகக் கிடந்தது. உழ நிலமில்லாமல் எருதை விற்கப் போனார், நானும் கூடப் போனேன். கயிறு மாறியது. பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பவில்லை. லாரிவரைக்கும் மாட்டின் பின்னாலேயே நடந்தார். “அதான் கயிறு மாத்தியாச்சுங்களே, வூட்டுக்குப் போங்க” என்றார் வாங்கியவர். மாட்டின் பின்னங்கால் லாரிப் பலகையைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, “தாண்டிடுச்சுங்களா?” என்று அவரிடமே கேட்டார் பெரியப்பா.

காலில் இடறுகிறது, இந்தக் கல்லை எடுத்துப் போடும்மா என்கிறாள் என் மகள். எனக்கும்தான் இடறுகிறது. இடறட்டும், அங்கேயே கிடக்கட்டும்.