வாசலில் வைத்த லாந்தர்

அண்ணனின் பழைய லேப்டாப் மூடியில் ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருக்கிறது. ரஃப் நோட்டில் கிழித்தது. நாலு ஓரமும் கறுப்பு இன்சுலேஷன் டேப். அண்ணன் கையெழுத்தில் ஐந்து வரி: 'தீ மூட்டாதே, புகை ரொம்ப தூரம் தெரியும். லாந்தர் உள் ரூமில் மட்டும். ஜன்னலுக்குப் போர்வை. டார்ச் நடக்கும்போது மட்டும், தரையைப் பார்த்து. மெழுகுவத்தி கடைசிக்கு.' புதிதாகப் பார்ப்பவர்கள் புயல் காலத்து எச்சரிக்கை என்றுதான் நினைப்பார்கள். அது ஒரு வீடியோ கேமுக்காக எழுதியது. கீழே ஆறாவதாக ஒரு வரி இருக்கிறது. அது அண்ணி எழுதியது. ஏழெட்டு வருஷமாக அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை, அந்த லேப்டாப்பை யாரும் திறக்கவும் இல்லை.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பக்கம் மானாம்பதியில். அண்ணன் ஒரு காண்டிராக்டரிடம் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் வேலை பார்க்கிறான். லேப்டாப் என் காலேஜ் படிப்புக்கென்று வாங்கிய செகண்ட் ஹேண்ட். வந்த ஒரே வாரத்தில் அது அண்ணனுடையதாகிவிட்டது. நான் அசைன்மென்ட்டை போனில் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டில் ஊரில் எல்லாரும் செத்து, செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ஜாம்பிகள். நம் ஆள் ஒருவன் மட்டும் உயிரோடு இருக்கிறான். கடிபட்டால் இரண்டொரு நாளில் சாவு நிச்சயம். செத்தால் செத்ததுதான், அதே ஆளோடு திரும்ப ஆட முடியாது. அவை வெளிச்சத்தைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் வரும் என்பதால், கையில் எந்த விளக்கை எடுப்பது என்பதில்தான் அவன் உயிர் இருக்கிறது. அண்ணன் அவனுக்குத் தன் பெயரையே வைத்து அறுபது நாள் காப்பாற்றி வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கப் போகிறவன், அங்கே ஒரு தீக்குச்சி கிழிக்க அரைமணி நேரம் யோசிப்பான். எனக்குச் சிரிப்பு வரும்.

அண்ணி காவாந்தண்டலத்துப் பெண். கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி திரையைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். "லாந்தர் தூக்கினு போறவன் மூஞ்சிதான் ஊருக்கு முதல்ல தெரியும். எதிர்ல இன்னா வருதுன்னு அவனுக்குத் தெரியாது" என்பாள். அண்ணன் லாந்தரை வைத்துவிட்டு டார்ச்சை எடுப்பான். "முன்னாடி மட்டும் அடிக்கிறியே, முதுகுக்கு யாரு காவல்?" என்பாள். ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். டார்ச்சை எப்படிப் பிடித்தால் பாம்பு தெரியும், எப்படிப் பிடித்தால் கண் கூசும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தாளில் இருக்கும் ஐந்து வரியில் மூன்று அவள் சொல்லி அண்ணன் எழுதியதுதான். அவன் இதை ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை.

அந்த ஐப்பசியில் தெற்கே கடலோரத்தில் புயல் அடித்தது. ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்துவிட்டன, ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ரோட்டில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அண்ணன் விளையாட்டை அப்படியே நிறுத்தி மூடியைச் சாத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான். "போன் பண்ணு" என்று அண்ணி சொன்னது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

போன் வரவில்லை. அங்கே டவரெல்லாம் விழுந்துவிட்டது என்றார்கள். சூப்பர்வைசர் நம்பருக்குப் போட்டால் அதுவும் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம் காலேஜிலிருந்து வந்து பார்க்கிறேன், அண்ணி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் ஒரே இருட்டு. மூலையில் அந்த ஆள் குந்தியிருக்கிறான்.

"இருட்டுல குந்த வெச்சிட்டுப் போயிட்டாரு பாப்பா. பசின்னு வேற காட்டிக்கினு கீது."

"தொறக்காம வுட்டா ஒண்ணும் ஆவாது அண்ணி. அப்பிடியே நிக்கும்."

"ஒண்ணும் ஆவாதுன்னு உனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டிக்கொடுத்தேன். அன்றைக்கே மூடி வைத்திருந்தால் எல்லாம் அத்தோடு போயிருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் அவன் எழுந்து நடப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அண்ணி பேய் மாதிரி ஆடினாள். டார்ச்சுக்கு பேட்டரி, லாந்தருக்கு எண்ணெய், ஜன்னலுக்குப் போர்வை, எல்லாம் தாளில் இருந்தபடி. அவன் ரொட்டி தின்றபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இவன் இருக்கும்வரை அவரும் இருப்பார் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் பால் ஊற்றப் போன இடத்தில் சேதி கேட்டுத் திரும்பிய அம்மா வெறும் கேனோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். புயல் ஊரில் கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஆள் செத்துப்போனானாம். யாரோ வீட்டில் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் கரண்ட் வீட்டோடு நிற்காது, வந்த வழியே திரும்பிக் கம்பிக்குப் போகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மேலே ஏறியவனுக்கு அது எப்படித் தெரியும்? செத்தவன் எந்த ஊர், என்ன பேர், ஒன்றும் அம்மாவுக்குத் தெரியவில்லை. காஞ்சிபுரம் ஆட்கள் என்று மட்டும் யாரோ சொன்னார்களாம். அண்ணி அழவில்லை. அடுப்பைப் பார்த்தபடி, "எந்தக் கை அந்த சுச்சைப் போட்டுச்சோ, அந்தக் கை வெளங்காம போவ" என்றாள். அவள் வாயில் சாபம் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அன்று முழுக்க நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு குரல் திரும்பத் திரும்பத் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொன்னது.

சாயங்காலம் அண்ணி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். தோட்டத்திலிருந்து அம்மா, "பொயுது போச்சே, வெளக்கு வெச்சியா?" என்று குரல் கொடுத்தாள். அண்ணி எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்தி, வாசல் கதவை அகலத் திறந்து, விளக்கேற்றிவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கதவு திறந்திருந்தால் முன்னால் வரும் லட்சுமி பின்னால் போய்விடுவாள் என்பார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது விளையாட்டிலும் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் கை தானாக வேலை செய்தது. அந்த வீட்டின் பின்கதவைச் சாத்தினாள். முன்கதவைத் திறந்தாள். லாந்தரை ஏற்றி வாசற்படியில் வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் விளக்கு இருப்பதில் என்ன தப்பு தோன்றும்? தெருக்கோடியில் முதல் உருவம் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு நாலு, பிறகு பத்து. அண்ணி அவனைப் பின்பக்கம் ஓடவிட்டாள்; கதவு சாத்தியிருந்தது. திறப்பதற்குள் ஒன்று கையைப் பிடித்துவிட்டது. எப்படியோ உதறிக்கொண்டு தோட்டத்தில் போய் விழுந்தான். திரை ஓரத்தில் சிவப்பாக எழுத்து வந்தது: கடிபட்டான்.

"மூடு பாப்பா" என்றாள். நான் கடிக்கு ஏதாவது மருந்து இருக்குமா பார்க்கலாம் என்று ஏதோ உளறினேன். "மூடுன்னு சொல்றேன் இல்ல. தொறந்தாதான் சாவான்." மூடினேன். அவள் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். பிறகு தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையில் அவள் எந்தக் கையைச் சபித்தாள் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

அந்த இரண்டு நாளை நான் என் எதிரிக்கும் தரமாட்டேன். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் வண்டி நின்றாலே மூன்று பேரும் எழுந்து நின்றோம். ஏழாம் நாள் யாருடைய போனிலிருந்தோ அண்ணன் பேசினான். "நல்லாக்கீறேன், வெச்சிடறேன்" என்றான். அவ்வளவுதான். அப்போதுதான் அண்ணி அழுதாள்.

பத்தாம் நாள் உதடெல்லாம் வெடித்து, கருவாடாக வந்து சேர்ந்தான். சோறு போட்டுக்கொண்டே அம்மா அந்த ஜெனரேட்டர் போட்டவர்களைப் பிடித்துத் திட்டினாள். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"திட்டாதம்மா. அது ஒரு அம்மா, வயசானவங்க. நாலு நாளா வூட்ல இருட்டு. வெளக்கு வெக்கிற நேரமாச்சே, வாசல்ல ஒரு லைட்டாவது எரியட்டும்னு போட்டுட்டாங்க. மெயின நிறுத்தணும்னு அவங்களுக்கு யாரு சொன்னா? மறுநாள் காலைல கம்பத்தாண்ட வந்து நின்னுக்கினே இருந்தாங்க."

அண்ணி கையிலிருந்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. சாப்பிட்டு முடித்த அண்ணன் லேப்டாப்பை எடுக்கப் போனபோது அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "வாணாம். வாசல்ல லாந்தர் வெச்சிட்டேன். கடிச்சிடுச்சி" என்றாள். அண்ணன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் அவளையே பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டான். அன்றைக்குத்தான் அண்ணி என் பேனாவை வாங்கி அந்த ஆறாவது வரியை எழுதினாள்.

அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வந்தாலும் அண்ணி போய் மெயினைப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள். பெண்கள் 'மெயின் அக்கா' என்று கிண்டல் செய்கிறார்கள். விளக்கு வைக்கும்போது கொல்லைக் கதவை அவள் சாத்துவதில்லை. அம்மா இன்றைக்கும் முணுமுணுப்பாள். "ஓடறதுக்கு ஒரு வயி வோணும் அத்த" என்பதோடு அண்ணி முடித்துவிடுவாள்.

இந்த வாரம் மறுபடி புயல். அண்ணன் மறுபடி லாரி ஏறினான். இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் நான் செய்தி கேட்டதும் லீவு போட்டு மானாம்பதிக்கு வந்துவிட்டேன். இன்றைக்கு மூன்றாம் நாள், போன் இல்லை. லேப்டாப் அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரி உப்பிப்போய் மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது; இனி அதைத் திறந்தாலும் ஒன்றும் வராது. அண்ணி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் தாளைக் கிட்டத்தில் பார்த்தேன். ஆறாவது வரி: 'விளக்கு போடுமுன் மெயினை அணை, மேலே யாராவது இருப்பார்கள்.' இத்தனை வருஷம் நான் கவனிக்காத ஒன்று அதில் இருந்தது. 'யாராவது' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சொல் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. முதலில் அவள் 'அவர்' என்றுதான் எழுதியிருக்கிறாள்.