பிறவிப் புத்திசாலியின் புகைப்படம்

என் நாத்தனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மனம் மாறினேன் என்று எழுதுவேன் என யாரும் காத்திருக்க வேண்டாம்.

என் மகளும் அவர் மகனும் ஒரே வயது. இருவரும் தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் படித்தபோது அதிபுத்திசாலிகளுக்கான மீத்திறன் கல்வித் திட்டத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் சோதனை வந்தது. முதல் சுற்றை எல்லாரும் எழுதலாம். அதில் தேறுகிற கொஞ்சம் பேருக்குத்தான் இரண்டாம் சுற்று. பிள்ளையின் இயல்பான திறமையைத்தான் பார்க்கிறோம், பயிற்சி எதுவும் வேண்டாம் என்று பள்ளியில் சொன்னார்கள். கேட்டுத் தலையாட்டிய பெற்றோர் பாதிப் பேர் அன்றைக்கே பயிற்சி வகுப்பு தேடக் கிளம்பினார்கள். நானும் செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே ஒரு வகுப்பில் இடம் பிடித்து வைத்தேன்.

அந்த வாரம் தேக்கா சந்தையில் நாத்தனாரோடு ஆட்டிறைச்சி வாங்க நின்றபோது நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணி, பையன எங்கயாச்சும் கிளாஸுக்கு அனுப்புறீங்களா?"

"சேச்சே, எதுக்கு லா? அதெல்லாம் தானா வரணும். புள்ளைய ஏன் போட்டுப் படுத்துற? நாங்க ஒண்ணுமே பண்ணல."

கறிக்காரரிடம் கொழுப்பு இல்லாமல் வெட்டச் சொல்லிக்கொண்டே இதையும் சொன்னார். நம்பினேன். வீட்டுக்கு வந்து வகுப்பை ரத்து செய்தேன்.

இருவரும் முதல் சுற்றில் தேறினார்கள். இரண்டாவதில் அவன் மட்டும்.

தீபாவளிக்கு புக்கிட் பாத்தோக்கில் நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. சொந்தம் முழுக்கக் கூடியிருந்தது. என் மகளின் தட்டில் வடை வைத்தபடி, அவள் காது கேட்க, நாத்தனார் என்னிடம் சொன்னார்: "விடும்மா, எல்லாருக்கும் வராது. அது ரத்தத்துல இருக்கணும்."

அவள் இவருடைய தம்பி பெற்ற பிள்ளை. அப்படியானால் கோளாறு எந்தப் பக்கத்து ரத்தத்தில் என்று கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. என் புருஷன் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

என்னைச் சொன்னது போகட்டும். என் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? வீடு திரும்பும்போது, "நான் மக்கா, அம்மா?" என்று கேட்டாள். புதிர்க் கணக்கு என்றால் சோறு தண்ணி மறக்கிறவள், அந்தப் புத்தகங்களையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளினாள். புது ஆண்டு பள்ளி திறந்ததும் ஆசிரியை என்னை அழைத்தார். வகுப்பில் கையே தூக்குவதில்லை, எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறாள் என்றார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்புதான் தஞ்சோங் பகாரில் புது வேலையில் சேர்ந்திருந்தேன். நிரந்தரமாகும்வரை சொந்தத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் குடும்பத்தில் நல்லது எதுவும் கைக்கு வரும்வரை வாய் திறக்கமாட்டோம், கண் பட்டுவிடும். ஒரு மதியம் சாப்பிடப் போகையில் எங்கள் கட்டடத்துக் கீழ்மாடியில் ஒரு பயிற்சி நிலையத்தைக் கடந்தேன். கண்ணாடிக் கதவு நிறையப் பிள்ளைகளின் படங்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் மீத்திறன் திட்டத்துக்குத் தேர்வான எங்கள் மாணவர்கள் என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஈயென்று இளித்தபடி என் நாத்தனார் மகன்.

வீட்டுப் பக்கத்திலோ நம் ஆட்கள் நடமாடும் தேக்காவிலோ அனுப்பினால் யாராவது பார்த்துக் கண் வைப்பார்கள் என்று இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார். இங்கே நம் ஆட்கள் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில் படத்தையும் கொடுத்திருக்கிறார். ஒண்ணுமே பண்ணலையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகராசி. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

வேலை நிரந்தரமானது. பொங்கலுக்கு மறுபடி அதே வீடு, அதே கூட்டம். எப்படிப்பா பாஸ் பண்ணே என்று ஒரு பெரியவர் பையனிடம் கேட்டார். "அது பொறவியிலயே வந்தது, மாமா," என்று நாத்தனார் முந்திக்கொண்டார். நான் இதற்குத்தான் காத்திருந்தேன்.

"அண்ணி, உங்களுக்கு வாழ்த்துச் சொல்லவே மறந்துட்டேன்," என்று தேன் ஒழுகக் கைபேசியைப் பெரியவரிடம் நீட்டினேன். "பையன் போட்டோவ தஞ்சோங் பகார்ல பார்த்தேன். என் புது ஆபீஸுக்குக் கீழதான் அந்த கிளாஸ். ரெண்டு வருஷ டிரெய்னிங்னு போட்டிருக்காங்க. அங்க ரத்தமும் ஏத்துறாங்களா, அண்ணி?"

கைபேசி கை மாறிக் கை மாறிப் போனது. யாரோ சிரித்தார்கள். பையன் நாத்தனாரைப் பார்த்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்லல, மம்மி."

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, அழுதுகொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கிளம்பலாம் என்று என் புருஷன் கண் காட்டினார். நான் இன்னொரு கரண்டி பொங்கல் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

ரயிலில் மகள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்போ நான் மக்கு இல்லையா, அம்மா?"

"இல்லடா."

"அவன்தான் மக்கு."

அறைக்குள் போனவனின் முதுகு கண்ணில் வந்தது. அவனும் சின்னப் பிள்ளைதான். ஆனால் தீபாவளிக்குப் பிறகு என் மகள் அன்றுதான் சிரித்தாள்.

"ஆமா, அவன்தான்," என்றேன்.