கஷாயம் என்று எழுதிய புட்டி

பிராந்திக் கடை வரிசையில் என் முறை வந்ததும், யாரும் கேட்காமலே "மருந்துக்குங்க" என்றேன்.

பின்னால் நின்றவர், "நாங்க மட்டும் என்ன, பாயசத்துக்கா வாங்கறோம்? எல்லாரும் மருந்துக்குத்தானுங்க" என்றார். வரிசையே சிரித்தது. குரங்குக் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தும், "சார், நாளைக்கு ஃபேக்டரி உண்டுங்களா?" என்று ஒருவர் விசாரித்தார்.

நான் சொன்னது உண்மைதான். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் எனக்கு வேலை. பறக்கிற தூசியில் பாதி என் நெஞ்சில்தான் குடியிருக்கிறது. இருமலுக்குத் தைம் என்கிற வாசனைச் செடியின் இலை நல்லது என்பார்கள். ஆனால் குன்னூர் மழையில் காயவைத்த இலை நாலு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். என் செருப்பே பிடிக்கிறது, இலை எம்மாத்திரம்? அதற்குத்தான் டிங்சர். இலையை வாடவைத்து நறுக்கி, புட்டியில் போட்டு, முழுதும் மூழ்கும்வரை பிராந்தி ஊற்றி, இருட்டில் ஒரு மாதம் வைக்க வேண்டும். தினம் ஒரு குலுக்கு. தண்ணீருக்கு இறங்காத சாரமும் சாராயத்துக்கு இறங்கும், வருஷக்கணக்கில் கெடாது. துணியில் வடிகட்டி, வெந்நீரில் சில சொட்டு விட்டால் போதும். எல்லாம் கைப்பேசியில் பார்த்துத் தேர்ந்த வைத்தியம்.

வடிகட்டிய வாரம்தான் மச்சினன் எங்களோடு தங்க வந்தான். மனைவியின் தம்பி. பதினைந்து வருஷம் குடித்து, விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் சாப்பிடும் மாத்திரை மிரட்டும் ரகம்: அதோடு சாராயம் சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மோசமானால் உயிருக்கே ஆபத்து. இருமல் டானிக்கைக்கூடப் பார்த்து வாங்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் டிங்சர் விஷயம் தெரியாமலே, வீட்டில் சொட்டுச் சாராயம் இருக்கக்கூடாது என்று மனைவி உத்தரவு போட்டாள்.

கொட்டியிருக்க வேண்டும். ஒரு மாதம் குலுக்கிய கைக்கு மனம் வரவில்லை. ஒளித்தால், புட்டி தேடிப் பழகியவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே என் மூளை ஒரு வேலை செய்தது. 'கஷாயம்' என்று காகிதத்தில் எழுதி ஒட்டி, அடுப்படி அலமாரியில் எல்லோரும் பார்க்கவே வைத்தேன். உலகத்தில் கஷாயத்தைத் திருடிக் குடித்தவன் உண்டா?

திருட வேண்டியதில்லை, அன்பாகக் கொடுக்க ஒருத்தி இருக்கிறாள் என்பது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத்தான் உறைத்தது. மனைவி ஃபேக்டரிக்கு ஃபோன் செய்திருந்தாள்.

"ஏனுங்க, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. தம்பி விடியாலயிருந்து இருமறான். உங்க கஷாயத்துல ரெண்டு ஸ்பூன் குடுக்கறேன்."

"வேண்டாம்!" என்று கத்தினேன். மூடுபனியில் சிக்னல் அதற்குமுன்பே போயிருந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். கிடைக்கவில்லை.

லீவு சொல்லாமல் வண்டியை எடுத்தேன். இருபது நிமிஷப் பாதை. மூன்றாவது வளைவில் காட்டெருமை ஒன்று நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. ஹாரன் அடித்தால் பாயும். "சாமி, கொஞ்சம் வழி விடுங்க" என்று மெல்லச் சொன்னேன். அது அசை போட்டது. அந்நேரம் அவன் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்குமோ என்ற நினைப்பில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. எருமை தேயிலைக்குள் இறங்க ஆறு நிமிஷம் ஆயிற்று.

வீட்டில் மச்சினன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முகம் செக்கச்செவேலென்றிருந்தது.

"மாப்ள, குடிச்சியா?"

"ரெண்டு ஸ்பூன் கஷாயத்துக்கு எதுக்குங்க இந்தக் கத்து?" என்றாள் மனைவி.

"அது கஷாயம் இல்ல. பிராந்தி."

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "கெளம்புடா ஆஸ்பத்திரிக்கு" என்று தம்பியின் தோளைப் பிடித்தாள்.

"நான் குடிக்கலக்கா. நீ துணி எடுக்க வெளிய போனதும் சிங்க்ல ஊத்திட்டேன்." பிறகு என்னைப் பார்த்தான். "பதினஞ்சு வருசம் பழகுன மூக்குங்க மச்சான். மூடி தொறக்கறப்பவே தெரிஞ்சிருச்சு. பிராண்டு சொல்லட்டுங்களா?"

சிங்க்கில் மூக்கை வைத்தேன். தைமும் பிராந்தியும் கலந்த வாடை அடித்தது. ஆனால் இந்த வீடு அவனுடைய 'குடிக்கல'வை நிறையக் கேட்டிருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

"நம்பிக்கை இல்லீன்னா பக்கத்துலயே உக்காந்து பாருங்க" என்று மணிக்கட்டை நீட்டினான். அடுப்பை விட்டுத் தள்ளி உட்காரவைத்து, நாடியைப் பிடித்துக்கொண்டேன். மனைவி வண்டிச் சாவியோடு வாசலில் நின்றாள். அரை மணி நேரம் எண்ணினேன்; நாடி சீராகவே அடித்தது. முகத்தின் சிவப்பு மெல்ல இறங்கியது. அடுப்புச் சூடுதான்.

"அக்காகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்களுக்கு இன்னிக்குச் சோறு ஏதுங்க?" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஊத்தறதுக்கு முந்தி ரொம்ப நேரம் ஸ்பூனைக் கையில வெச்சுட்டு நின்னேனுங்க. இனி என்ன இருக்கோ அதையே எழுதுங்க."

புட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் முழுவதையும் கொட்டினேன்.

சோறு அன்றைக்குக் கிடைக்கத்தான் இல்லை. அதன்பின் தினமும் இரண்டு வேளை மனைவி எனக்கு நிஜக் கஷாயம் காய்ச்சித் தருகிறாள்: சுக்கு, மிளகு, ஆடாதோடை, கூடவே கொஞ்சம் கோபம். டம்ளரை நான் கீழே வைத்ததும் மச்சினன் எழுந்து போய் சிங்க்கை முகர்ந்து பார்க்கிறான்.