காப்புக் கட்டிய ஊருக்குக் கரி அடுப்பு

நான் ஒரு நூல் மில்லின் நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு பாளையம்பட்டியில். எனக்கு மூன்று கிறுக்குகள் உண்டென்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். எதற்கெடுத்தாலும் அட்டவணை போடுவது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வறண்ட கண்மாய்க்குள் போய்ப் பந்து உதைப்பது இரண்டாவது. மொட்டை மாடியில் பாதியாக வெட்டிய தகர டிரம்மில் கரியைப் போட்டுக் கோழி சுடுவது மூன்றாவது. நாற்பத்து நான்கு வயதில் இதெல்லாம் தேவையா என்பாள். சொல்லிவிட்டுத் தொடைத் துண்டை முதல் ஆளாக எடுத்துக்கொள்வாள்.

முதல் கிறுக்கு தொழில் கொடுத்தது. மில்லில் புது ஷெட் கட்டியபோது, திட்ட மேலாண்மை என்று ஒரு படிப்புக்கு என்னை அனுப்பினார்கள். எந்த வேலை எப்போது, எது முடிந்தால் எது, யார் பொறுப்பு, எது கெட்டுப்போகலாம் என்று வரிசையாக எழுதி, முடிந்ததற்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு என்று கட்டத்துக்கு நிறம் போடுகிற வித்தை. அதைக் கற்றுக்கொண்டு வந்தபிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் காதுகுத்துக்குக்கூட அட்டவணை போட்டேன். மாமனார் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்னைய எந்தக் கட்டத்துல போட்டிருக்கீக மாப்பிள்ள?" என்று கேட்டார்.

மற்ற இரண்டு கிறுக்கையும் கொடுத்தவன் என் சிநேகிதன். அருப்புக்கோட்டைப் பள்ளியில் எனக்குப் பின்பெஞ்சு. எங்கள் பக்கம் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடுதான் திரிவார்கள். இவன் ஒருவன்தான் எங்கிருந்தோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து, நின்று கோல் காக்க ஆள் இல்லாமல் தானே காத்தான். நான் அவனுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரன். என்னைத் தாண்டி ஒருவன் பந்தைக் கொண்டுபோனால் அவனைத் திட்டமாட்டேன், கூட நிற்கிறவனைத் திட்டுவேன். இன்றுவரை அப்படித்தான்.

பிறகு அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். ஒன்பது வருஷம் அங்கே ஒரு ஓட்டலில் கோழி சுடுகிற வேலை. என் டிரம் அடுப்பு அவன் ஒரு லீவில் வெட்டிக் கொடுத்ததுதான். கரி வாங்க என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்சுழிப் பக்கம் போவான். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுகிற இடத்தில் நின்று, இரண்டு கரித் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பான். கணீரென்றால் சாக்குக்குள் போகும். மொத்தென்றால் தூர விழும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நான் பரபரத்தால், "பொறு மாப்ள. கரி மேல வெள்ள பூக்கட்டும். ஒன் அவசரத்துக்கு அது வேகாது" என்பான்.

போன முறை லீவில் வந்தவன், திரும்பிப் போக இஷ்டமில்லை என்றான். மகளுக்கு ஆறு வயது. அப்பா என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருகிற ஆள் என்று அவளுக்குப் பழகிவிட்டது. வந்து நான்கு நாள் வரை அவன் மடியில் உட்காரமாட்டாள். ஐந்தாம் நாள் உட்காருவாள், அப்புறம் இறங்கமாட்டாள், அதற்குள் இவன் கிளம்ப வேண்டியிருக்கும். அவன் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாராம். "கஞ்சியோ கூழோ, இங்கனயே இருங்க."

இங்கேயே ஒரு கரி அடுப்புக் கடை போடலாம் என்று அவனுக்கு ஆசை. ஆனால் பயம். பரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் பழகிய நாக்குகள், எண்ணெயில் பொரிக்காத கோழியைத் தொடுமா? ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றேன். அவனுக்கு வியாழக்கிழமை விமானம். அதற்கு முன்னால், சனிக்கிழமை ராத்திரிக்குள், இன்னும் இரண்டு வருஷத்துக்கு வருகிறானா இல்லையா என்று ஓட்டல் முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமைதான் திருச்சுழிப் பக்கம் இருக்கிற என் சொந்த ஊரில், கண்மாய்க்குள் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். சுற்றுப்பட்டு ஊர் ஆட்களெல்லாம் வருவார்கள். ஆட்டம் சாயங்காலம் என்றாலும் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். கரையில் அடுப்பைப் போட்டுவிட்டால் ஊர் நாக்கு என்ன சொல்கிறதென்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

"கூட்டம் வந்துச்சுன்னா நான் போகலடா. சத்தியமா போகல" என்றான்.

நான் அன்றைக்கே அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். நாற்பத்து மூன்று வரி. கோழி, மசாலா, ஐஸ் பெட்டி, கரி, இரும்புச் சட்டம், மேசை, தண்ணீர் கேன், குப்பைக் கூடை, மழை வந்தால் தார்ப்பாய். வைகாசி வெயிலில் மழைக்கு ஏற்பாடு செய்தவன் நான். அதிலே ஒரு வரி, ஊரில் பெரியவர்களிடம் அனுமதி கேட்பது. அதற்குப் பொறுப்பும் நான்.

ஒருநாள் மாடியில் உட்கார்ந்து அவனுக்கு அட்டவணையைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு வந்தவன், அந்த வரியில் நின்றான்.

"மாப்ள, வைகாசியிலதான ஒங்கூர்ல அம்மனுக்குப் பொங்கல் வைப்பாக? காப்புக் கட்டிட்டா கவிச்சி ஆகாதுல்ல. ஊர்ல கேட்டியா?"

"கேட்டாச்சு" என்றேன்.

கேட்கவில்லை. போன வருஷம் பொங்கல் வைகாசிக் கடைசியில் வந்தது எனக்கு நினைவிருந்தது. எங்களைப் போன்ற கணக்கு ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாத இடத்தில் போன வருஷத்து எண்ணை எடுத்துப் போட்டுவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். நாளைக்குச் சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று, அவன் கண் முன்னாலேயே அந்தக் கட்டத்தைப் பச்சையாக்கினேன். மறுநாள் மாதக் கடைசி. மில் கணக்கை முடிக்கிற வேலையில் மறந்தே போனேன். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஓயாமல் வந்து விழுகிற காலை வணக்கப் படங்கள் பொறுக்காமல் அதைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். காப்புக் கட்டுகிற தேதி அதில்தான் வந்திருக்கிறது.

சனிக்கிழமை காலையில் லோடு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். அவன் மனைவியும் மகளும் என் காரில் பின்னால் வந்தார்கள். ராத்திரியே மசாலா தடவி ஊறவைத்த கோழி, ஐஸ் பெட்டியில். ஊர் எல்லையில் ஆட்டோ நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே இந்தப் புளியமரத்திலிருந்து அந்தக் கரண்டுக் கம்பம்வரை வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. இலை இன்னும் வாடக்கூட இல்லை.

தோரணத்தின் கீழே சித்தப்பா சைக்கிளோடு நின்றார். வலது கையில் மஞ்சள் கயிறு.

"செவ்வாக்கெழம காப்புக் கட்டியாச்சுப்பா. கோயில் வேல இருக்குன்னு இந்த வருசம் முன்னுக்கு இழுத்துட்டாக. குரூப்புல போட்டோமே, நீ பாக்கலையா?" என்றார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "வார செவ்வா பொங்கல். அதுவரைக்கும் ஊருக்குள்ள கவிச்சி வரக்கூடாது. பந்து வெளாட ஒண்ணுமில்ல, நல்லா வெளாடுங்க. இது வேணாம்ப்பா."

கண்மாய் ஊருக்கு வெளியேதானே இருக்கிறது என்று நான் வாதம் பண்ண வாயைத் திறந்தேன். தப்பு செய்தவனுக்குத்தான் சட்டம் நன்றாகத் தெரியும். சிநேகிதன் என் தோளைத் தொட்டான்.

"பேசாத மாப்ள. அவுக விரதம் இருக்கையில காத்துல கோழி வாசம் போகக் கூடாது" என்றான். அவன் வீட்டில் ரம்ஜான் நோன்பு இருக்கிறவர்கள். அவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டோவைத் திருப்பிப் பந்தல்குடி ரோட்டுக்குப் போனோம். ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டு, கடை ஓரத்தில் அடுப்பைப் போட்டோம். உச்சி வெயில். லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. ஏழு தட்டு போயிற்று. எட்டாவது தட்டை டீக்கடைக்காரருக்குச் சும்மா கொடுத்தோம். மிச்சத்தை அவன் தெருவில் வீடு வீடாகக் கொடுத்து முடித்தோம். அவன் மனைவி தட்டுகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

சாயங்காலம் இறுதி ஆட்டத்தில் அவன் கோல் காத்தான். நான் அவனுக்கு முன்னால் நின்றேன். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. ஒரு பந்துகூட அவனைத் தாண்டிப் போகவில்லை. ஜெயித்து, ஆட்கள் அவனைத் தூக்கினார்கள். கீழே இறங்கியதும் கரை ஓரமாகப் போய், முதலாளிக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "புதன்கெழம காப்பு அவுத்துருவோம்ப்பா. அன்னைக்கு கெடா வெட்டு. ஊரே கறி தின்னும். அந்தத் தம்பிய வரச் சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வீடு ஆட்டுக்கறி கொதிக்கிற அன்றைக்கு எங்கள் கோழியை யார் சீண்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதையும் தப்பாகத்தான் நினைத்தேன். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த விருந்தாளிகள் சாயங்காலம் கண்மாய்க் கரைக்கு வந்தார்கள். கரி வெள்ளை பூத்து, முதல் கோழி இரும்புச் சட்டத்தில் சொட்ட ஆரம்பித்ததும், புகை ஊருக்குள் போனது. பிறகு ஆட்களை அடக்க முடியவில்லை. மூக்குத்தி போட்ட அக்காமார்கள் முறுக்கிக்கொண்டு சண்டை போட்டார்கள், நாங்கதான் முதல்ல வந்தோம் என்று. காரியாபட்டியிலிருந்து வந்த ஒருவர், "இது எந்த ஊர்ல கடை? அட்ரஸ் சொல்லுங்க" என்று கேட்டார். அவன் கோழியைத் திருப்பிப் போட்டான். மகள் அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். கரியும் தீர்ந்தது, கோழியும் தீர்ந்தது, ஆட்கள் தீரவில்லை.

அடுப்பை அணைக்கும்போது அவனிடம் கேட்டேன், போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிடேன் என்று. கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"என் எடத்துக்குக் காத்திருந்த ஆளை அனுப்பிட்டு, எம்பேருல விசாவப் புதுப்பிச்சிட்டாரு மாப்ள. வாரேன்னு சொல்லியாச்சு. சொன்னா சொன்னதுதான்" என்றான்.

நான்கு நாள். சனிக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவே இருந்த நான்கு நாளில் இரண்டு வருஷம் போயிற்று.

வியாழக்கிழமை மதுரை விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். அவன் மனைவியும் மகளும் கூட வந்தார்கள். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி வைத்துவிட்டு, அவர்கள் கொஞ்சம் தள்ளி நின்ற நேரம் பார்த்து, அவனிடம் சொல்லிவிட்டேன். "நான் ஊர்ல கேக்கலடா. கேட்டேன்னு சும்மா சொன்னேன்."

"தெரியும்லே" என்றான்.

"எப்பத் தெரியும்?"

"தோரணத்தப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. ஆனா மாடியிலயே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நீ நெசமாக் கேட்டிருந்தா, சித்தப்பா என்ன சொன்னாரு, அதுக்கு நீ என்ன சொன்னன்னு அர மணி நேரம் கத விட்டிருப்ப. ஒத்த வார்த்தையில முடிச்சிட்டியேன்னு தோணுச்சு."

"பின்ன ஏன்டா நீயே ஒரு போன் போட்டுக் கேக்கல?"

"எங்கிட்ட நீ பொய் சொல்லமாட்டன்னு இருந்துட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மகளைத் தூக்கி முத்தம் கொடுத்து இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

திரும்பி வரும்போது காரியாபட்டி தாண்டியிருந்தோம். பின் சீட்டில் மகள் தாய் மடியில் தூங்கிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி, ரோடு சரியாகத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். பின்னாலிருந்து அவன் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ரெண்டு வருசம்தான அண்ணே, ஓடிரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.