கணினியில் நின்றுபோன ஜனவரி

கணினியைப் போடும்போதெல்லாம் திகதி பின்னுக்குப் போனால், உள்ளே இருக்கும் காசளவு பற்றரியை மாற்றினால் போதும். யுத்த காலத்தில் புத்தளத்தில் கணினி திருத்திய எனக்கு அது சின்ன வேலை.

அகதி முகாமில் தட்டச்சுக் கடை வைத்திருந்த, மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன் 'மன்னார் நானா'வின் கணினி, வைரஸ் பிடித்து என்னிடம் வந்தது. வைரஸை நீக்கியதோடு, எப்போதும் 1990 ஜனவரியையே காட்டிய திகதியையும் கேட்காமலே சரிசெய்துவிட்டேன்.

திரையைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"திகதிய ஏன் மாத்தினீங்க தம்பி?"

"பிழையாக் காட்டிச்சு நானா."

"அந்த வருசக் கடைசியிலதான் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் புலிகள் ஊர விட்டு விரட்டினாங்க. ஜனவரில நாங்க வீட்டுலதானே இருந்தோம். தினமும் அதக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுத்தான் வேல தொடங்குவன்."

வீசிய பழைய பற்றரியைக் குப்பைக் கூடையில் தேடியெடுத்துத் திரும்பவும் மாட்டினேன்; திரையில் 1990 ஜனவரி வந்தது. அதற்குப் பிறகு, பிழையாகத் தெரிகிற எதையும் கேட்காமல் திருத்த என் கை துணிவதில்லை.